கல் இறக்கிய கூரை

சந்திரகுமாருக்குக் காற்றைப் பற்றித் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால், நடந்ததையெல்லாம் கடவுள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த வசதியும் அவருக்கு இல்லாமல் போனது.

மடுல்கெல்லைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் 'காத்து வாத்தியார்' என்று பட்டப்பெயர். படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் இருபத்தாறு வருஷமாகத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு போடுகிறவர். கொழுந்தைக் காயவைக்கும் சூட்டுக் காற்று அந்த அடுப்பிலிருந்துதான் போகிறது. அடுப்பு வாயருகே ஒரு பீடியைப் பிடித்தால் புகை மேலே போகாது. கையைப் பிடித்து யாரோ இழுத்த மாதிரி உள்ளே ஓடும். அதை இத்தனை வருஷம் பார்த்த மனிதர் வேறு எதைப் பற்றிப் பேசுவார்?

"சூடான காத்து மேல ஏறிடும்," என்று ஆரம்பிப்பார். "ஏறுன எடம் சும்மா கெடக்குமா? பக்கத்துல இருக்கிற குளுந்த காத்து ஓடியாந்து நெரப்பும். அம்புட்டுத்தான் காத்து. இப்ப வடக்க, இந்தியாவுல, நெலம் அடுப்பாட்டம் கொதிக்குது. அது இழுக்குற இழுவையில தெக்குக் கடல்ல இருந்து காத்து கெளம்பி வருது. வழியில நம்ம மலை நிக்குதா, ரெண்டு மலைக்கு நடுவுல நொழையிறப்ப, பைப்பு வாய வெரலால அமுக்குன மாதிரி வேகம் புடிக்குது."

"அந்தக் காத்து வராட்டித்தான் என்னவாம்?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"மழை எங்கேருந்து வரும்? கொழுந்து எங்கேருந்து வரும்? நீ எங்கேருந்து திம்ப?" என்று முடிப்பார். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

கேலி செய்தாலும் ஒரு விஷயத்தில் அவர் பேச்சை அவர் குடியிருந்த லயமே கேட்டது. அந்த லயத்தில் ஒரே வரிசையாகப் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பத்துக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை, வெள்ளைக்காரன் காலத்து மரக் கம்புகளின்மேல் துருப்பிடித்த தகரம். ஒரு காம்பராவின் தகரம் கிளம்பினால் பக்கத்துத் தகரத்துக்கும் பிடி விட்டுப்போகும். அதனால் வைகாசி கடைசியில் எல்லாரும் கூரைமேல் கல்லும் பழைய டயரும் மண் மூட்டையும் ஏற்றிவிடுவார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று காம்பரா காம்பராவாகப் போய்ப் பார்க்கிறவர் சந்திரகுமார்தான். போன வருஷம் யோகராஜ், தோட்டத்துச் சங்கத் தலைவர், ஆடி பிறக்கட்டும் பார்க்கலாம் என்று சோம்பல்பட்டபோது, "காத்து பஞ்சாங்கம் பாத்துட்டா வரும்?" என்று ஏணியைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார்.

அவருடையது மேற்குக் கோடியில் இருக்கிற தொங்கல் காம்பரா. காற்று முதலில் வந்து முட்டுவது அதில்தான். அதனால் அவர் கூரையில்தான் பாரமும் அதிகம். இருபத்திரண்டு கல், நாலு லொறி டயர்.

அவற்றை அவரே தன் கையால் இறக்கினார்.

மகள் நிலூஷா கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவளைக் கேட்டு டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் துஷாந்த்; பேங்கில் வேலை. ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேச முடியாது என்று, ஆனி முடிய எட்டு நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சந்திரகுமாரின் மனைவி பிரேமிளா வெள்ளிக்கிழமை வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"டயரையும் கல்லையும் தலையில சொமந்துக்கிட்டு நிக்குது. இதப் பாத்தா அவுங்க என்ன நெனப்பாங்க? ரெண்டு நாளைக்கு எறக்கி வைங்க. சிவப்புப் பெயின்ட் அடிச்சா வீடு மாதிரி இருக்கும்."

"காத்துக் காலம்டி."

"ஒரு கெழமையா எல அசையல. ஆடிக் காத்துலதானே அம்மி பறக்கும்? இது ஆனி."

அவர் மறுத்திருக்க வேண்டும். மறுக்கிற வார்த்தையெல்லாம் அவர் வாயில் இருபத்தாறு வருஷமாக ஊறிக் கிடந்தவைதான். ஆனால் அண்ணாந்து பார்த்தபோது, முதல் தடவையாக அவருக்கும் அந்தக் கூரை வெட்கமாகத் தெரிந்தது. சனிக்கிழமை ஸ்டோருக்கு லீவு போட்டுவிட்டு, எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த, பக்கத்துக் காம்பரா அங்கம்மாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு கல்லாக இறக்கினார். காம்பராவுக்குப் பின்னால், மண் திட்டோரம் அடுக்கி, சாக்கைப் போட்டு மூடினார். பிறகு பெயின்ட் அடித்தார். சாயங்காலம் வேலைவிட்டு வந்தவர்கள் சிவப்பு நிறத்தைத்தான் பார்த்தார்கள். 'காத்து வாத்தியார்' கூரையில் கல் இருக்கிறதா என்று யார் எண்ணப்போகிறார்கள்? ஊருக்குத்தானே உபதேசம்!

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பிடித்தது, பலகாரமும் பிடித்தது. கிளம்பும்போது பையனின் அம்மா முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, கல்லு ஏத்தலையா? நாங்களும் ஹேவாஹெட்டப் பக்கம் லயத்துல பொறந்து வளந்தவங்கதான். இந்நேரம் எங்க கூரையெல்லாம் டயராத்தான் இருக்கும்."

சந்திரகுமாருக்குக் காது சூடேறியது. யாருக்காக மறைத்தாரோ, அவரே வந்து கேட்கிறார். "இங்கிட்டு அவ்வளவா காத்து இல்லீங்க," என்றார். காற்றைப் பற்றி வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

அன்று சாயங்காலமே ஏற்றியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். காற்றில்லை என்று சொன்ன வாயோடு கல்லை ஏற்றி வைத்தால் எப்படி? இன்னும் நாலே நாலு நாள், அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். நெருப்பின் சத்தம் மாறியிருந்தது. தீ நாக்கெல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்து உறுமியது. புகைபோக்கிக்கு மேலே காற்று வேகமாகப் பாய்ந்தால், அது போகிற போக்கில் குழாய்க்குள் இருக்கிறதையும் மேலே உறிஞ்சிக்கொண்டு போகும். அடுப்பு வெறிபிடித்து இழுக்கும். புகைபோக்கியை உறிஞ்சுகிற அதே காற்று கூரையையும் உறிஞ்சும். கீழேயிருந்து இறவாரத்துக்குள் புகுந்து தள்ளும், மேலேயிருந்து இழுக்கும். பாரம் இல்லாத தகரம் என்ன செய்யும்? இதை அவருக்கு யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு ஓடினார்.

குறுக்குப் பாதையில் ஏறி லயத்தடிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய சிவப்புத் தகரம் கீழே தேயிலைக்குள் கிடந்தது. அவர் காம்பராவிலிருந்து ஆறாவது காம்பரா வரைக்கும் வானம் தெரிந்தது. பிரேமிளா குழாயடியில் இருந்ததால் தப்பினாள். மலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். இரண்டாவது காம்பராவில் அங்கம்மா மட்டும் உள்ளே இருந்தார். கம்பு விழுந்து வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கிக் கிடந்தது.

அங்கம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. கொழுந்தெடுத்து ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் இல்லை, ஒரே மகன் கொழும்பில் கடையில் வேலை. நியாயம் என்றால் எவரோடும் சண்டைக்கு நிற்கும் மனுஷி. அன்றைக்குச் சத்தமே வரவில்லை. சந்திரகுமார்தான் அவரைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடி, தோட்டத்து லொறியில் ஏற்றி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றும் மறுநாளும் அங்கேயே இருந்தார். வலது கையில் மாவுக்கட்டு; இடது கையால் கரண்டி பிடிக்க வரவில்லை. கஞ்சியை ஊதி ஊதி அவர்தான் ஊட்டினார்.

"பெத்த புள்ள இன்னும் வந்து சேரல. நீ ஊட்டுற," என்று அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ நல்லாயிருக்கணும் தம்பி. ஒன் மக நல்லாயிருக்கணும்."

பக்கத்துக் கட்டில்காரி, "மகனா?" என்று கேட்டாள். "அதுக்கும் மேல," என்றார் அங்கம்மா.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். சந்திரகுமார் குனிந்து கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வாழ்த்துத்தான் தாங்க முடியவில்லை. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் குடிங்கக்கா," என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை தோட்டத்துக்குத் திரும்பினார். கூரை போனதில் அங்கம்மா தவிர மற்ற ஐந்து குடும்பமும் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் கட்டடத்தில், பாய் விரித்திருந்தன. யோகராஜ் கொப்பியும் பேனாவுமாக நடுவில் ஒரு கதிரையில் இருந்தார். கூரை ஏன் போனது என்று தோட்டத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"எல்லா வருஷமும் அடிக்கிற காத்துதான். இந்த வருஷம் மட்டும் ஏன் தூக்குச்சு?" என்றார் யோகராஜ். "தீவாளிக்கு அங்கம்மாக்கா மகன் வந்து கூரையில டிவி டிஷ் பூட்டிட்டுப் போனான்ல? சட்டி மாதிரி நிக்குது. அதுதான் காத்தப் புடிச்சுத் தூக்கியிருக்கும். தகரம் கீழ கெடக்குறப்பவும் டிஷ் அதுலயே ஒட்டிக்கிட்டிருக்கு, பாத்தேன். நீங்க சொல்லுங்கண்ணே. காத்துன்னா நீங்கதான்."

அத்தனை முகமும் அவரைப் பார்த்தது. இவ்வளவு நாளும் பாதிப் பேச்சில் எழுந்து போனவர்கள், அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருந்தார்கள். மூலையில் பிரேமிளா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை மெதுவாக, இல்லை என்பதுபோல், அசைத்தாள்.

"அதுவும்... இருக்கலாம்," என்றார் சந்திரகுமார்.

முழுப்பொய் இல்லை. டிஷ் காற்றைப் பிடிக்கத்தான் செய்யும். பொய் சொல்லவில்லை என்று மனசாட்சிக்குக் கணக்குக் காட்ட இதைவிட வசதியான பதில் கிடைக்காது. யோகராஜ் கொப்பியில் எழுதினார். 'இருக்கலாம்' என்பதை அவர் எழுதவில்லை.

ஒரு கிழமை போனது. கூரை போனதைக் கேட்டு வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்தியிருந்த மாப்பிள்ளை வீட்டார் டெலிபோன் கோல் எடுத்து, பாவம் இப்படி ஆகிவிட்டதே, வெற்றிலை மாற்றுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் எங்கே போகப்போகிறோம் என்றார்கள். பிரேமிளா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அன்று மாலையே யோகராஜ் இன்னொரு செய்தி கொண்டுவந்தார்.

"கூரை போட்டுக் குடுக்க ஆபீசுல ஒத்துக்கிட்டாங்க. ஆனா அங்கம்மாக்கா காம்பராவ அவுங்களுக்குத் திருப்பிக் குடுக்க மாட்டாங்களாம். வேலையாளுங்க பேர் போடுற செக்ரோல்ல அவுங்க பேர் இல்ல, வேலைக்குப் போற ஆளும் வீட்டுல இல்ல. இவ்வளவு நாளும் எரக்கப்பட்டு விட்டு வச்சிருந்தாங்க. இப்ப கேக்காம டிஷ் பூட்டி லயத்தையே சாச்சுப்புட்டாங்கன்னு காரணம் கெடச்சிருச்சு. நாளைக்கு ஆபீசுக் கிளாக்கர் கையெழுத்து வாங்க வர்றாரு."

"அக்கா எங்க போவாங்க?" என்றார் சந்திரகுமார்.

"கொழும்புக்குத்தான். மகன் கடைக்கு மேல நாலு பையன்களோட ஒரு ரூம்ல இருக்கான். அங்க எங்கிட்டுப் போயி ஒண்டுறது?" யோகராஜ் பெருமூச்சு விட்டார். "என்னண்ணே செய்யிறது, தப்பு தப்புத்தானே."

அன்று இரவு சோற்றுத் தட்டை அவர் தள்ளி வைத்தார். பிரேமிளா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "வாயத் தொறந்துறாதீங்க," என்றாள். "கூரைக் கல்ல மறைக்கப்போயி ஆறு வீட்ட அழிச்ச குடும்பம்னு தெரிஞ்சா நம்ம வீட்டுல யாரு பொண்ணெடுப்பாங்க? அந்த அம்மாவுக்கு நாம கடைசி வரைக்கும் செய்வோம். தீவாளிக்குச் சீல எடுத்துக் குடுப்போம்."

"வீட்டப் புடுங்கிட்டுச் சீலயா?" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் தூக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறார்கள். குறுகுறுப்பா அது? அடுப்புக்குள் கையை வைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பராவில் கிளாக்கர் மேசை போட்டு உட்கார்ந்தபோது, அங்கம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினார். கட்டுப்போட்ட கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார். விஷயத்தை யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் சண்டைக்கு வருவார் என்று யோகராஜ் எழுந்து நின்றார். அங்கம்மா சண்டை போடவில்லை. மற்ற ஐந்து குடும்பத்தில் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, ஒற்றைக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"மகன் ஆசையாப் பூட்டிட்டுப் போனான். எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சுக்கங்க."

கடைசியாக சந்திரகுமாரிடம் வந்தார். "தம்பி, ஒன் வீட்டுல நல்ல காரியம் நடக்குற நேரத்துல, என்னால ஒன் கூரையும் போச்சு. பெயின்ட் அடிச்ச ஈரம்கூடக் காயல. அப்படியிருந்தும் நீ எனக்குக் கஞ்சி ஊட்டுன. என்னைய..." என்று குனிந்து, அவர் காலைத் தொட இடது கையை நீட்டினார்.

சந்திரகுமார் துள்ளிப் பின்னால் போனார். "வேணாங்கக்கா! டிஷ் இல்ல. நான்தான். என் கூரையில கல்லு இல்ல. மாப்புள்ள வீட்டுக்காரங்க பாப்பாங்கன்னு நானே எறக்கினேன். காத்து என் தகரத்துலதான் மொதல்ல நொழஞ்சிச்சு."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒரு பெண் "உச்" கொட்டினாள். யோகராஜ் அவர் தோளைத் தட்டினார். "அண்ணே, ஒங்க மனசு யாருக்கு வரும்? அக்கா வீடு போகுதேன்னு பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீங்க. வருஷா வருஷம் எங்க கூரைக்கே கல்லு ஏத்தி விடுற ஆளு, தன் கூரையில எறக்குவாரா? கேக்கறவன் சிரிப்பான்."

"அடுத்தவங்க பாவத்த நீ சொமக்காத தம்பி," என்றார் அங்கம்மா. கிளாக்கர் பேனாவைத் திறந்தார்.

சந்திரகுமார் ஒரு கணம் நின்றார். அப்படியே விட்டுவிடலாம். சொன்னதாகவும் ஆயிற்று, நல்ல பெயரும் மிஞ்சுகிறது. அந்த எண்ணம் வந்தவுடனே அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கிளாக்கரின் பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

"வாங்க. எல்லாரும் வாங்க. வந்து பாத்துட்டு எழுதுங்க."

கூட்டம் லயத்துக்குப் பின்னால் போனது. மண் திட்டோரம் அவர் சாக்கை இழுத்தார். இருபத்திரண்டு கல்லும் நாலு டயரும், பெரியது கீழே சின்னது மேலே என்று, கடையில் சாமான் அடுக்கின மாதிரி ஒழுங்காக இருந்தன. பெயின்ட் அடிக்குமுன்பே இறங்கியவை என்பதால் ஒரு கல்லிலும் சிவப்பு இல்லை. காற்று எதையும் அப்படி அடுக்கிவிட்டுப் போகாது என்பதை விளக்க அங்கே வாத்தியார் தேவைப்படவில்லை.

யோகராஜ் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். பிரேமிளா சுவரோரம் குந்தி உட்கார்ந்து, "நாந்தான் எறக்கச் சொன்னேன்," என்று அழுதாள். "வெக்கங்கெட்டவ நாந்தான் சொன்னேன்." ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட ஆரம்பித்தான். சந்திரகுமார் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார். பத்து நாளில் அவர் காதுக்கு இதமாக விழுந்த முதல் பேச்சு அதுதான்.

"கிளாக்கரய்யா, இதையே எழுதுங்க. என் பேரப் போடுங்க. அக்கா காம்பராவ அக்காவுக்கே குடுக்கச் சொல்லுங்க."

கிளாக்கர் தலையாட்டினார். திட்டியவனும் ஓய்ந்தான். அங்கம்மா மட்டும் அந்தக் கல் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சந்திரகுமாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"வீட்ட விடு," என்றார் அங்கம்மா மெதுவாக. "கைய விடு. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் புத்தி தடுமாறும், கல்ல எறக்கிட்டீங்க. அது போகட்டும். ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லு." மாவுக்கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரியில எனக்குக் கஞ்சி ஊட்டுனியே, நான் ஒன்னையும் ஒன் புள்ளையையும் வாய் நெறைய வாழ்த்துனேனே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

சந்திரகுமாருக்குப் பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது.

"தெரியும்க்கா," என்றார்.

அங்கம்மா தலையை ஆட்டினார். பிறகு கூரை இல்லாத தன் காம்பராவுக்குள் போய், கதவைச் சாத்தினார்.